பாராட்டு வாங்கிய தராசு

அறையில் முப்பத்தைந்து பேர் இருந்தோம். ஒருவரும் மாணவர் இல்லை. எல்லோரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள். வணிகவியல், வரலாறு, தமிழ், கணினி அறிவியல், தாவரவியல், உடற்கல்வி என்று ஆளுக்கொரு துறை. வேதியியலில் நான் ஒருவன்தான். 2012இல், புதிய கல்லூரி ஆசிரியர்களுக்கான ஓரியண்டேஷன் புரோகிராம் என்ற பயிற்சியின் மூன்றாவது வாரம். மைக்ரோ டீச்சிங் நாள். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் ஒரு படிவத்தில் மதிப்பெண் போடுவார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வேதிச்சமநிலை.

பலகையில் ஒரு தராசு வரைந்தேன். இடது தட்டில் வினைபடு பொருள், வலது தட்டில் விளைபொருள், முள் நட்டநடுவில். ‘முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும் சமமாகும் நிலைதான் சமநிலை’ என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டையும் மாறி மாறிக் காட்டினேன். காய்கறிக் கடையில் தட்டு ஏறி இறங்கி நிற்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். முடித்ததும் கைதட்டல். குரல் நன்று, கண் பார்த்துப் பேசுவது நன்று, பலகையைப் பயன்படுத்தியது மிக நன்று, அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு மிக மிக நன்று. அன்றைக்கு அதிக மதிப்பெண் வாங்கிய இரண்டு மூன்று பேரில் நானும் ஒருவன். வணிகவியல் மேடம் ஒருவர் தேநீர் நேரத்தில் வந்து, “சார், நான் பிளஸ் டூவில காமர்ஸ் குரூப். எனக்கே புரிஞ்சிடுச்சு” என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா என்று நினைத்தேன்.

கல்லூரிக்குத் திரும்பினேன். டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊர்க் கல்லூரி. பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். அதே தராசை முதலாமாண்டு பி.எஸ்சி. வகுப்பில் வரைந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் இன்டர்னல் தேர்வில் சமநிலையின் பண்புகளை எழுதச் சொல்லியிருந்தேன்.

பாதிக்கு மேற்பட்ட தாள்களில், ‘சமநிலையில் வினைபடு பொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்கும்’ என்று இருந்தது. சிலர், ‘சமநிலை வந்ததும் வினை நின்றுவிடும்’ என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி என் தராசை ஸ்கேல் வைத்து, பென்சிலால் அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தாள். இரண்டு தட்டிலும் 50%, 50% என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தாள். அந்தத் தாளை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். அவள் கவனிக்காமல் இருந்து எழுதிய தவறு இல்லை அது. வகுப்பிலேயே மிக நன்றாகக் கவனித்தவள் எழுதியது. என் வாய் வேகத்தைப் பற்றிச் சொன்னது. என் படம் அளவைப் பற்றிச் சொன்னது. பிள்ளைகள் படத்தை நம்பினார்கள்.

இது சின்னத் தவறு இல்லை. சமநிலை என்றால் பாதிப் பாதி என்று ஒருவர் நினைத்துவிட்டால், அடுத்து வரும் அமிலம், காரம், தாங்கல் கரைசல் (பஃபர்) எல்லாமே கோணலாகும். 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுக்கு ஒன்று, ஒன்றேகால் என்ற கணக்கில்தான் அயனியாகும். மீதி அப்படியே இருக்கும். அதுவும் சமநிலைதான். பாதிப் பாதி என்று மனதில் பதிந்த பிள்ளைக்கு இது புரியவே புரியாது. மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடும்.

முப்பத்து நான்கு பேர் உட்கார்ந்து பார்த்த பாடத்தில் இந்த ஓட்டையை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அவர்கள் மேல் குறையில்லை. அவர்களுக்கு வேதியியல் தெரியாது. படிவத்திலும் அதைக் கேட்கும் கட்டம் இல்லை.

நான் எப்படி ஆசிரியர் ஆனேன் என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வாக நான் எழுதியது, அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதில் முதல் பகுதி பொதுவான கணக்கும் தர்க்கமும்; மற்ற இரண்டு பகுதியும் முழுக்க வேதியியல். கற்பித்தலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. கலைப் பாடங்களுக்கான, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட்டில் கற்பித்தல் உண்டு, ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான முதல் தாளில் இருக்கும். பாடம் இரண்டாவது தாளில் இருக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்த வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். அதிலே அறிவியலை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தனித் தாளே உண்டு. அதே பிள்ளை இரண்டு வருடம் கழித்துக் கல்லூரிக்கு வந்தால், எதிரே நிற்பவருக்கு அப்படி எந்தப் பயிற்சியும் தேவையில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான்.

அந்தக் குறையைப் போக்கத்தான் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யு.ஜி.சி., கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது, 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் ஆனது. ஆசிரியர்கள் பேச்சில் இன்னமும் ‘ஓ.பி. முடிச்சாச்சா, ஆர்.சி. முடிச்சாச்சா’தான். ஓ.பி. என்றால் ஓரியண்டேஷன்: எங்கள் காலத்தில் நான்கு வாரம், 144 மணி நேரம், எல்லாத் துறையினரும் சேர்ந்து. ஆர்.சி. என்றால் ரெஃப்ரஷர்: மூன்று வாரம், 108 மணி நேரம், அவரவர் பாடத்தில். பதவி உயர்வுக்கு இரண்டும் தேவை என்பதால் எல்லாரும் போய்விடுவோம்.

சரி, தராசுக்கு வருகிறேன்.

எங்கள் துறையில் ஒரு சீனியர் மேடம் இருந்தார். பல வருடம் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். ஸ்டாஃப் ரூமில் அந்த விடைத்தாள்களை அவரிடம் காட்டினேன். ஐந்தாறு தாளைப் புரட்டினார். “தப்பு பிள்ளைங்ககிட்ட இல்ல தம்பி. தராசுல இருக்கு. நானும் முதல் ரெண்டு வருஷம் அதத்தான் வரைஞ்சேன்” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “பேரே அப்படித்தானே இருக்கு. சமநிலைன்னா யாருக்கும் சமமா இருக்கணும்னுதான் தோணும்” என்றார். பிறகு அகராதியைப் பார்த்தேன். ஈக்விலிப்ரியம் என்ற சொல்லிலேயே தராசு இருக்கிறது. லத்தீனில் லிப்ரா என்றால் தராசு. ஆக, தமிழில் மட்டும் வந்த சிக்கல் இல்லை இது.

மறுநாள் என் வகுப்புக்கு மேடமே வந்தார். ஆய்வகத்திலிருந்து ஒரே அளவான இரண்டு கண்ணாடித் தொட்டி, ஒரு பெரிய பீக்கர், ஒரு சின்ன பீக்கர். மேசையில் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீர் முழுவதையும் இடது தொட்டியில் ஊற்றினார். இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டார். ஒருவன் பெரிய பீக்கரால் இடதிலிருந்து மொண்டு வலதில் ஊற்ற வேண்டும். இன்னொருவன் சின்ன பீக்கரால் வலதிலிருந்து மொண்டு இடதில் ஊற்ற வேண்டும். மேடம் மேசையைத் தட்டும்போது இருவரும் ஒரே நேரத்தில். மூன்றாவதாக ஒரு பெண் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மார்க்கரால் தொட்டியில் கோடு போட வேண்டும்.

தட்டல், மொள்ளல், ஊற்றல். முதலில் வலது மட்டம் மளமளவென்று ஏறியது. போகப் போக இடதில் தண்ணீர் குறைந்து, பெரிய பீக்கரைப் படுக்க வைத்து மொண்டாலும் அடியில் கொஞ்சம்தான் வந்தது. இருபது தடவை போல ஆனதும் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழ ஆரம்பித்தன. இடதில் இரண்டு விரற்கடை, வலதில் ஒரு சாண்.

“நின்னுடுச்சா?” என்று கேட்டார் மேடம்.

“நின்னுடுச்சு மேடம்” என்றது வகுப்பு.

மேடம் ஒன்றும் சொல்லவில்லை. மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பையன்கள் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “மேடம், அவன் கை நிக்கலையே!”

அங்கேதான் வகுப்பு திரும்பியது. இரண்டு பீக்கரிலும் இருந்த தண்ணீரை அளவுசாடியில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரே அளவு. தொட்டிகளில் இருப்பது சமம் இல்லை, கைமாறுவதுதான் சமம். வலது தொட்டியில் கொஞ்சம் நீல மையை விட்டுத் தொடர்ந்து மொள்ளச் சொன்னார். மட்டம் அசையவில்லை, ஆனால் நீலம் இடது தொட்டிக்கும் வந்துவிட்டது. பிறகு தண்ணீர் முழுவதையும் வலதில் வைத்துத் தொடங்கினார்கள். அதே கோட்டில் வந்து நின்றது. தராசு வரைந்த அந்த மாணவி கையைத் தூக்கி, “அப்ப அம்பது அம்பதுங்கிறது தப்பா சார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். தப்பு என்றேன். நான் வரைந்ததுதான் தப்பாகக் காட்டிவிட்டது என்றும் சொன்னேன்.

இந்தத் தொட்டிச் செயல்விளக்கம் மேடம் கண்டுபிடித்தது இல்லை. உலகம் முழுக்க வேதியியல் ஆசிரியர்கள் செய்து காட்டுவது. ஆனால் என் 144 மணி நேரத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. அந்த நான்கு வாரத்தில் இருந்தவை: சமூகமும் கல்வியும், கல்வித் தத்துவம், தகவல் வளங்கள், ஆளுமை வளர்ச்சி. கற்றலைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் புளூமின் முக்கோணத்தை வரைந்தோம், பாட நோக்கங்களை எழுதினோம். ‘மாணவர் சமநிலையை விளக்குவார்’ என்று நான் எழுதிய நோக்கத்துக்கு டிக் கிடைத்தது. எதை விளக்கினால் புரிந்தது என்று அர்த்தம், எதைத் தவறாக விளக்க வாய்ப்பு அதிகம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது, அது வேதியியல் கேள்வி.

அதே நேரம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மேடம் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாரே, அதன் அருமை எனக்குப் புரிந்ததே ஓ.பி.யில் கேட்ட ஒரு வகுப்பால்தான். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, அதிகம் பேர் பேசுகிறார்கள். உளவியல் பேராசிரியர் ஒருவர் இதைச் சொல்லி, எங்களை மனதுக்குள் மூன்று எண்ணப் பழக்கினார். இன்று வரை எண்ணுகிறேன். ஆனால் ‘சமநிலை என்றால் என்ன?’ என்று கேட்டுவிட்டு முப்பது விநாடி காத்திருந்தாலும் மனப்பாடம்தான் வரும். ‘நின்னுடுச்சா?’ என்று, அந்த இடத்தில் கேட்டுக் காத்திருந்ததால்தான் அந்தக் கடைசி பெஞ்சுக் குரல் வந்தது. காத்திருப்பது பொதுப் பயிற்சி தந்தது. அந்தக் கேள்வி, வேதியியலைப் பல வருடம் சொல்லிக் கொடுத்துத் தப்பான பதில்களைக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

2014இல் ரெஃப்ரஷருக்குப் போனேன். முழுக்க வேதியியல் ஆசிரியர்கள். இங்கேயாவது பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசுவார்கள் என்று, அந்தத் தாள்களில் சிலவற்றை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நானோ பொருட்கள், மின்வேதி உணரிகள், பசுமை வேதியியல், கணினி வழிக் கணக்கீடு, மறுபடியும் நானோ. வந்தவர்கள் எல்லாம் நல்ல ஆய்வாளர்கள். என்.எம்.ஆர். பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் பேசியதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் கற்பித்தல் என்று வந்தது ஸ்மார்ட் போர்டை இயக்கிக் காட்டிய ஒரே வகுப்பு. ஒரு நாள் இடைவேளையில், தாங்கல் கரைசலை முதலாமாண்டுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். “அதெல்லாம் பேசிக்ஸ்தானே சார், நீங்களே பாத்துக்கலாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஜெராக்ஸ் தாள்கள் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

அப்போதுதான் எனக்கு நிலைமை பிடிபட்டது. ஓ.பி.யில் கற்பித்தல் இருந்தது, பாடம் இல்லை. ஆர்.சி.யில் பாடம் இருந்தது, கற்பித்தல் இல்லை. நான் தினமும் நிற்கும் இடம் இரண்டுக்கும் நடுவில். கல்லூரி ஆசிரியர்களுக்கு வேண்டியது பொதுப் பயிற்சியா, பாடம் சார்ந்த பயிற்சியா என்று விவாதிக்கும்போது பலர் ஆர்.சி.யைத்தான் பாடம் சார்ந்த பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாடத்தில் புதிதாக வந்ததைத் தெரிந்துகொள்வது வேறு. பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று தெரிந்துகொள்வது வேறு. இரண்டாவதற்கு அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறார். தமிழில் பாடம்சார் கற்பித்தல் அறிவு என்று சொல்லலாம். எந்த எடுத்துக்காட்டு உதவும், எது கவிழ்க்கும், எந்தத் தப்பான எண்ணத்தோடு பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைகிறார்கள் என்ற அறிவு அது. பாடத்தில் முனைவர் பட்டம் வாங்கினால் அது தானாக வராது. என் பட்டம் எனக்கு அதைத் தரவில்லை.

வேறு இடங்களில் இந்த நடுப்பகுதிக்கு ஏற்பாடு செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இயற்பியல், வானியல் துறைகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கென்று அந்தத் துறைச் சங்கங்களே 1996இலிருந்து பயிற்சிப் பட்டறை நடத்துகின்றன. பிரிட்டனில் 2000இல் பாடவாரியாக 24 மையங்கள் தொடங்கினார்கள். 2011இல் அவற்றை மூடியும் விட்டார்கள். நல்ல ஏற்பாடுகூட நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு அது சாட்சி. நம் நாட்டில் 2018இல் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் அர்பித் என்ற பெயரில் பாடவாரியான இணையவழி ரெஃப்ரஷர் வந்தது. மும்பையில் 1974 முதல் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் இதையே ஆய்வாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சிறிய ஊர்க் கல்லூரிக்கு வருடத்துக்கு இரண்டு பேர் புதிதாக வருவார்கள், ஒருவர் ஆங்கிலம், ஒருவர் விலங்கியல். அவர்களுக்கெனத் தனித்தனிப் பயிற்சி யார் வைப்பார்கள்? எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதற்கு இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். அதனால் கிடைப்பதை வைத்து நானே செய்ய வேண்டியிருந்தது.

முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். இடது பக்கத்தில் பிள்ளைகளின் தப்பான பதிலை அவர்கள் எழுதிய சொற்களிலேயே எழுதுவேன், திருத்தாமல். வலது பக்கத்தில் அது எங்கிருந்து வந்திருக்கும் என்ற என் ஊகம். அடுத்த வருடம் வேறு மாதிரி நடத்திப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று அதற்குக் கீழே. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று என்றால், இந்த நோட்டைத்தான் சொல்வேன். மதிப்பெண் பட்டியல் கணினியில் ஏறிவிடும், தாள் கட்டு குடோனுக்குப் போய்விடும். தப்பான பதில் நம் கையில் இருப்பது அந்த இரண்டு நாள்தான்.

நோட்டில் இருந்த ஒரு பதிவு: ‘பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும்.’ வருடா வருடம் வந்தது. பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், உருவாகும்போதுதான் வெளிப்படும் என்று எத்தனை முறை சொன்னாலும் தேர்வில் மறுபடி அதுவேதான். ஒரு நாள் விலங்கியல் துறை நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு பற்றிய பாடத்தில் ‘இந்தப் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது’ என்று அவர் சொல்வது தெரிந்தது. அந்தத் துறையில் அப்படிச் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். உண்மையில் தண்ணீர் சேர்ந்து, புதுப் பிணைப்புகள் உருவாகி, மொத்தக் கணக்கில்தான் ஆற்றல் மிஞ்சுகிறது. காலை பத்து மணிக்கு நான் சொல்வதை பதினொரு மணிக்கு அவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார், இருவருக்கும் தெரியாமல். பேசி ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றினோம். அடுத்த தேர்வில் அந்தத் தப்பு குறைந்தது. இதற்கு வேதியியல் ஆசிரியர்கள் மட்டும் கூடிப் பேசியிருந்தால் விடை கிடைத்திருக்காது.

ஆய்வகத்திலும் இதே கதை. ‘செய்து கற்றல்’ சிறந்தது என்று ஓ.பி.யில் படித்தோம். எங்கள் ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு பியூரெட், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாய். ஒருவன் திருகுவான், ஒருத்தி எழுதுவாள், இருவர் பார்ப்பார்கள். அந்த எழுதுகிற பெண்தான் எப்போதும் எழுதுவாள். அதோடு டைட்டர் வேல்யூ, அதாவது பியூரெட்டிலிருந்து செலவான கரைசலின் அளவு, சரியான விடைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு மதிப்பெண் என்று வைத்திருந்தோம். பிள்ளைகள் இரண்டாம் முறை பியூரெட்டைப் பார்க்காமலே முதல் அளவை அப்படியே எழுதினார்கள். மதிப்பெண் முறைதான் அவர்களைப் பொய் எழுத வைத்தது. இப்போது மூன்று அளவும் மாறினால் மதிப்பெண் குறைப்பதில்லை. ஏன் மாறியது என்று இரண்டு வரி எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண். நிறங்காட்டியான பினாப்தலீன் அடர் இளஞ்சிவப்பாகும் வரை விட்டுவிட்டேன் என்று ஒரு பையன் உண்மையை எழுதினான். நிறம் லேசாக மாறும் அந்த ஒரு சொட்டிலேயே நிறுத்த வேண்டும் என்பதை அவன் இனி மறக்க மாட்டான்.

வணிகவியல் மேடத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஓ.பி.யில் எனக்கு அடுத்துப் பாடம் நடத்தியவர் அவர்தான். தலைப்பு பற்றும் வரவும். வீட்டு வரவு செலவு நோட்டை எடுத்துக்காட்டாக வைத்து அழகாக நடத்தினார். நானும் முழு மதிப்பெண் போட்டு, ‘கணக்கியல் தெரியாத எனக்கே புரிந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். சில வருடம் கழித்து ஒரு தேர்வு மையத்தில் சந்தித்தோம். தராசுக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“எனக்கும் அதேதான் நடந்துச்சு சார். வீட்டு நோட்டுல வரவுன்னா உள்ள வர்ற பணம். எங்க பாடத்துல உள்ள வர்றதப் பற்று செய்யணும், வெளிய போறத வரவு செய்யணும். நான் வீட்டு நோட்டக் காட்டி ஆரம்பிச்சதால பசங்க ரொக்கம் வந்தா வரவுப் பக்கம் எழுதினாங்க. ஒரு செமஸ்டர் முழுக்க.”

அவர் என்னைப் பாராட்டினார், நான் அவரைப் பாராட்டினேன். இருவருக்கும் புரிந்தது, தப்பாகப் புரிந்தது. அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் எந்த அன்றாடச் சொல் பாடத்துக்குள் வந்ததும் பொருள் மாறுகிறது என்று அந்தப் பாடத்தில் ஊறியவர்தான் எச்சரிக்க முடியும். தமிழில் சொல்லிக் கொடுக்கும்போது இது இன்னும் முக்கியம். சமநிலை, வரவு, வேலை, விசை, நிறை: எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். பிள்ளைகள் அந்த வீட்டுப் பொருளோடுதான் உள்ளே வருகிறார்கள்.

ஆகவே மைக்ரோ டீச்சிங் செய்யும்போது பார்வையாளர்களில் உங்கள் பாடக்காரர் ஒருவராவது இருக்கும்படி கேளுங்கள். இல்லையென்றால் அதே பத்து நிமிடத்தை உங்கள் துறையில் ஒரு மூத்தவர் முன்னால் மறுபடி செய்து காட்டுங்கள். பாடம் தெரியாதவர்களும் வேண்டும். என் பாடத்தில் நான் விளக்காமல் விட்ட இடத்தை அவர்கள்தான் பிடிப்பார்கள். எனக்குத் தெளிவாகத் தெரிவதால் என் கண்ணில் படாது. அவர்களிடம் ‘புரிந்ததா’ என்று கேட்காமல், ‘என்ன புரிந்தது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். வணிகவியல் மேடத்திடம் அன்றைக்கு நான் அதைக் கேட்டிருந்தால், ‘ரெண்டு பக்கமும் சமமாயிடும்’ என்று சொல்லியிருப்பார். தராசு அங்கேயே விழுந்திருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு ஒரு பயிற்சிக்கு என்னைப் பேச அழைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக அரை நாள் தரச் சொன்னேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஐந்து தப்பான விடைகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வர வேண்டும். முதலில் பாடவாரியாக உட்கார்ந்து, எந்தத் தப்பு அடிக்கடி வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று பேசினார்கள். தனியாக வந்த பாடக்காரர்களைப் பக்கத்துப் பாடத்தோடு சேர்த்தேன். பிறகு கலந்து உட்கார்ந்து, மற்ற பாடக்காரருக்குத் தங்கள் தப்பை விளக்கினார்கள். தமிழ்த் துறை இளைஞர் ஒருவர், பிள்ளைகள் கவிதையைப் படிக்காமல் நோட்ஸில் இருக்கும் பொழிப்புரையையே எழுதுவதைக் காட்டினார். குழு விவாதம் வைத்தாராம். நான்கு பேரும் அதே நோட்ஸை மாறி மாறிச் சொன்னார்களாம். பக்கத்தில் இருந்த வரலாற்று மேடம், “எங்க பாடத்துல, ‘இத யார் சொல்றாங்க, யாருக்குச் சொல்றாங்க’ன்னு மட்டும் முதல்ல கேப்போம்” என்றார். அந்த இளைஞர் உடனே எழுதிக்கொண்டார். உணவு இடைவேளைக்கு மணி அடித்தும் பலர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் துறையில் அந்த சீனியர் மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். தொட்டிகள் இருக்கின்றன. இந்த வருடம் சேர்ந்த இளம் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு நோட்டைக் கொடுத்தேன். வினையூக்கி என்பது வினையை வேகப்படுத்தும் பொருள். ‘வினையூக்கி சேர்த்தால் விளைபொருள் அதிகம் கிடைக்கும்’ என்ற தப்பான பதிலின் பதிவில் அவர் நின்றுவிட்டார். ஏழு வருடமாக அந்தப் பக்கத்தின் வலதுபுறம் எனக்கு நிறையவில்லை. மறுநாள் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். அதே தொட்டி, அதே பீக்கர். இரண்டு பையன்களையும் முதலில் மெதுவாக மொள்ளச் சொல்லி, மட்டம் நின்ற இடத்தில் கோடு போட்டார். தண்ணீரை மறுபடி இடதுக்கு மாற்றி, இந்த முறை மேசையை இரண்டு மடங்கு வேகத்தில் தட்டினார். பையன்கள் சிரித்துக்கொண்டே மூச்சு வாங்க மொண்டார்கள், மேசையெல்லாம் ஈரம். பாதி நேரத்தில் தண்ணீர் அதே கோட்டுக்கு வந்து நின்றது.

“சார், வேகமா வந்துச்சு, மேல ஏறல” என்றார்.

நோட்டை வாங்கி வலது பக்கத்தில் அவரையே எழுதச் சொன்னேன்.